கடனப்பனுக்குப் பந்தி விரித்த நாடு

உப்பாற்று நாட்டுக்கு முதன்முதலாகக் கடன் வந்து சேர்ந்தபோது அது ஒரு தண்ணீர்க் குடம் உயரம்தான் இருந்தது, முறுக்கு மீசை வைத்திருந்தது, கஜானாவின் நடு அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது, கதவைத் திறந்த காவல்காரர் சாவிக்கொத்தைக் கீழே போட்டதும் அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, “வணக்கங்க, நான்தான் உங்க கடன்” என்றது.

முந்தின நாள் சாயங்காலம்தான் நிதி மந்திரி தையல்நாயகி, ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுவதற்கு மேட்டு நாட்டிடம் பணம் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தப் பத்திரத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது: என்றைக்காவது கடன் நாட்டைவிடக் கனத்துப்போனால் மதகுச் சாவியை மேட்டு நாட்டிடம் கொடுத்துவிட வேண்டும். மதகு என்றால் உப்பாற்று மதகு. அதைத் திறந்தால்தான் அந்த நாட்டில் வயல் நனையும், மாடு குடிக்கும், துணி வெளுக்கும். சாவி பரம்பரை பரம்பரையாக நிதி மந்திரியின் இடுப்பில்தான் தொங்கும். கடனாவது, நாட்டைவிடக் கனப்பதாவது என்று சபையே அந்த வரியை வாசித்துச் சிரித்தது. சேதி கேட்டுக் கஜானாவுக்கு ஓடிவந்து குடம் உயர ஆளைப் பார்த்த தையல்நாயகிக்கும் சிரிப்புதான் வந்தது. பயம் வரவில்லை, ஆச்சரியம் வரவில்லை. பசித்த முகமா இல்லையா என்று மட்டும் ஒரு நோட்டம் விட்டாள்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சும்மா.”

“ஆச்சுன்னு எல்லாரும்தான் சொல்வாங்க” என்று சொல்லி, பின்னால் வந்து நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “என்னங்க, ஒரு தலைவாழை இலை நறுக்கிட்டு வாங்க.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உப்பாற்று நாட்டில் நிதி மந்திரியைக் கூட்டல் கழித்தல் தெரியுமா என்று பார்த்து எடுப்பதில்லை. கல்யாணப் பந்தியில் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரைக்கும் ரசம் பத்தும்படி பரிமாறத் தெரிந்தவர் யார், யாருடைய வரிசையில் உட்கார்ந்தவன் அரை வயிற்றோடு எழுந்ததே இல்லை என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். தையல்நாயகி கையில் கரண்டியைப் பிடித்தால், போதும் என்று இலையை மறைக்கிற கையை ஒதுக்கிவிட்டுச் சோற்றைச் சரியாக நடுவில் வைக்கிற சாமர்த்தியம் அவளுக்கு மட்டும்தான் உண்டு என்று ஊரே பேசும். அவள் புருஷன் குஞ்சிதபாதம், கல்யாணமான புதிதில் ஒருமுறை போதும் என்று சொல்லிப் பார்த்தவர், பிற்பாடு சொல்வதையே விட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவள் கடனுக்குப் பரிமாறினாள். கடன் போதும் என்றது. அவள் இன்னொரு கரண்டி வைத்தாள். வைத்ததை வீணாக்கக் கூடாது என்று கடன் தின்று முடித்தது. கை கழுவ எழுந்தபோது ஒரு சாண் வளர்ந்திருந்தது. இலையை எடுத்தார்கள், அடியில் வெள்ளிக்காசு பளபளவென்று கிடந்தது. அதே நாழிகையில் மேட்டு நாட்டுக் கருவூலத்தில் அதே அளவு காசு குறைந்தது என்பது பின்னால் தெரிந்த சங்கதி. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, இலைக்கடியில் காசு இருந்தால் எடுத்துக்கொள்வதா, எங்கிருந்து வந்தாய் என்று அதை விசாரிப்பதா?

அப்புறம் கேட்க வேண்டுமா? பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்ற ஒரு விருந்து, ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்க ஒரு விருந்து, இவையெல்லாம் நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு மந்திரிமாருக்குக் குதிரை வண்டி வாங்க ஒரு விருந்து, பாலம் திறந்த நாளைக் கொண்டாட வாணவேடிக்கைக்கு ஒரு விருந்து, வாணவேடிக்கையைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பந்தல் போட ஒரு விருந்து, அந்தப் பந்தல் எரிந்துபோனதற்கு ஆறுதலாக இன்னொரு விருந்து. ஒவ்வொரு முறையும் கடன் போதும் என்றது, ஒவ்வொரு முறையும் தையல்நாயகி சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்தாள், ஒவ்வொரு முறையும் இலைக்கடியில் காசு கிடந்தது, ஒவ்வொரு முறையும் கடன் ஒரு சாண் உயர்ந்தது. கஜானாக் கூரையை இரண்டு தடவை உயர்த்திக் கட்டினார்கள். மூன்றாம் தடவை கூரையே வேண்டாம் என்று ஆற்றங்கரைப் பொட்டலில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

வீட்டில் இத்தனை நாள் இருக்கிறவரைப் பேர் சொல்லாமல் கூப்பிடுவது எப்படி என்று கடனப்பன் என்று பேர் வைத்தார்கள். ஊர் அவரைச் சுற்றி வசதியாகப் படுத்துக்கொண்டது. நாவிதர் ஏணி போட்டு ஏறி மீசையை ஒதுக்கினார், இறங்கி வந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஏறினார். பென்ஷன்காரர்கள் அவருடைய நிழலில் சீட்டு ஆடினார்கள், நிழல் நகர நகர ஜமுக்காளத்தையும் நகர்த்தினார்கள். அவர் தும்மினால் அக்கரையில் நெல் தூற்றுகிறவர்களுக்குக் காற்று கிடைத்தது, அதனால் அறுவடைக் காலத்தில் பொடி போட்டுத் தும்ம வைத்தார்கள். பெண் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு முதலில் அவரைத்தான் காட்டினார்கள்: “எங்க நாட்டுக் கடன். பெருசு இல்ல?” அவர் வெட்கப்பட்டுத் தலை குனிவார், குனிந்தால் நாலு தெருவுக்கு இருட்டும்.

இருட்டு அடிக்கடி வரத் தொடங்கியதும் சிலருக்கு மனசில் உறுத்தியது. சபையில் ஒருவர் எழுந்து, ஆள் ரொம்பத்தான் பெருத்துவிட்டாரோ என்று கேட்டார். பொருளாதார ஆலோசகர் வைகுந்தவாசன், மேட்டு நாட்டில் படித்துவிட்டு வந்தவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஆளை மட்டும் பார்க்கப்படாது. என் மச்சினர் முப்பது ரூபாய் சம்பளத்துல பத்து ரூபாய் கடன் வச்சிருந்தப்போ தூங்கல. இப்போ முன்னூறு ரூபாய் சம்பளம், அம்பது ரூபாய் கடன், குறட்டை விடறார். கடனுக்கும் நாட்டுக்கும் உள்ள விகிதத்தை இல்ல பார்க்கணும்?”

“பார்த்துடுவோம்” என்றாள் தையல்நாயகி.

அப்படித்தான் துலாபாரம் வந்தது. கோயிலில் பிள்ளைக்கு எடைக்கு எடை வெல்லம் கொடுப்பார்களே, அதே மாதிரி, கப்பல் பாய்மரங்களை நட்டு, தேர்வடத்தைக் கட்டி, இரண்டு பெரிய தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். ஒரு தட்டில் கடனப்பன், அந்தத் தட்டு தரையைத் தொட்டால் சாவி போயிற்று என்று கணக்கு. இன்னொரு தட்டில் அந்த வருஷம் நாடு விளைவித்தது, நெய்தது, பிடித்தது, காய்ச்சியது எல்லாவற்றிலும் வீட்டுக்கு ஒரு பங்கு: நெல், உப்பு, கருவாடு, வேட்டி, வெல்லம், கொல்லன் அடித்த கடப்பாரை. முதல் தைமாதம் நாட்டுத் தட்டு தரையில் உட்கார்ந்தது, கடனப்பன் வானத்தில் ஊஞ்சல் ஆடினார். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில், அவர் போன வருஷத்தைவிட ஒரு முழம் வளர்ந்திருந்தும், போன வருஷத்தைவிட உயரமாகத் தொங்கினார். “இளைச்சுட்டாரு பாவம்” என்று ஊர் உச்சுக்கொட்டி, அன்றைக்கே அவருக்கு ஒரு விருந்து வைத்தது.

வருஷங்கள் போயின. நாடும் வளரத்தான் செய்தது, ஆனால் நாடு நடந்து போனது, கடனப்பன் ஓடினார். இத்தனைக்கும் இலைக்கடியில் கிடைத்த காசு இப்போது பாலத்துக்கும் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. அடுத்த வேளை அவருக்கு உலை வைக்க அரிசி வாங்கவே சரியாகப் போனது. அவருக்குச் சோறு போடக் காசு வேண்டும், காசுக்காக அவருக்குச் சோறு போட வேண்டும். இதில் எது முதலில் என்று வைகுந்தவாசன் ஒரு புஸ்தகம் எழுதத் தொடங்கி, முதல் அத்தியாயத்தைத் தாண்டாமலே இருந்தார்.

துலாபாரத்துக்கு முன்னால் ஊர் ஆயிரம் தந்திரம் பண்ணியது. பஞ்சுப் பொதியை ஆற்றில் முக்கி எடுத்து வைத்தார்கள். பூசணிக்காய்க்குள் கூழாங்கல் நிரப்பினார்கள். ஒரே பசுவை வடக்கு வாசலில் ஏற்றித் தெற்கு வாசலில் இறக்கி, கொம்புக்கு வேறு வர்ணம் அடித்து மறுபடி ஏற்றினார்கள். அடுத்த வருஷம் விளையப்போகிற நெல் என்று காலி மூட்டைகளைக் கட்டி அடுக்கினார்கள். அந்தப் பக்கம் கடனப்பனுக்கு நகம் வெட்டி, மீசை மழித்து, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். தராசு எதற்கும் மசியவில்லை. ஒரு தைமாதம் கடனப்பனின் தட்டு கீழே கீழே வந்து, தரைக்கு மேல் தயங்கி நின்றது. மேட்டு நாட்டுத் தூதர் பரமதயாளன், தங்கமான மனுஷர், எப்போது வந்தாலும் அல்வா வாங்காமல் வரமாட்டார், பட்டு வேட்டி அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் தரையில் குப்புறப் படுத்து, தட்டுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தார்.

“ஒரு விரக்கடை இருக்குங்கம்மா” என்று எழுந்து தூசி தட்டிக்கொண்டார். “அடுத்த தைக்கு நான் விரல் கொண்டாந்தா போதாது, சாவிக்கு ஒரு பை கொண்டாரணும் போலிருக்கு. அல்வா ஆறிடும், சாப்பிடுங்க.”

தையல்நாயகி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தச் சாவி இல்லாத இடுப்போடு தெருவில் எப்படி நடப்பது? அதைவிட, மேட்டு நாட்டான் மனசு வைத்தால்தான் தண்ணீர் என்றால், நாளைக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சி குடத்தோடு அவன் வாசலில் நின்றால்? அன்று மத்தியானம் நாவிதரின் ஏணியை எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனாள். குஞ்சிதபாதம் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கடனப்பனின் காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்று, ஆயுசில் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

“அய்யா, கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடக் கூடாதா?”

கடனப்பன் தலையைத் திருப்பினார், ஏணி ஆடியது.

“நான் என்னம்மா குறைக்கிறது? வந்த அன்னிக்கே சாப்பிட்டாச்சுன்னு சொன்னேன். கேட்டீங்களா?”

“அது மரியாதைக்குச் சொல்றீங்கன்னு…”

“எனக்கு மரியாதையெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தா? நான் கடன். நெசமாத்தான் சொன்னேன். ஒவ்வொரு வேளையும் நெசமாத்தான் போதும்னேன். மூட்டு வலிக்குது. போன மாசம் புரண்டு படுத்ததுல மூணு தென்னை போச்சு.”

“இதை நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னா பாயசம் கொண்டாருவீங்க.”

கீழே குஞ்சிதபாதம் இருமினார். அந்த இருமலுக்கு நாற்பது வருஷக் கல்யாண வாழ்க்கை வயசு. தையல்நாயகி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை காலமும் எத்தனை இலை, எத்தனை கை, எத்தனை பேர் போதும் என்றார்கள், அதில் எத்தனை பேர் நிஜமாகவே சொன்னார்களோ என்று விரல் விட்டு எண்ணப் பார்த்தாள்.

“இன்னொண்ணும் சொல்லிடறேன்” என்றார் கடனப்பன். “வந்து இத்தனை வருஷத்துல ஒரு ஆள் எனக்கு ஒரு வேலை சொன்னதில்லை.”

“விருந்தாளியை யாராவது வேலை ஏவுவாங்களா?”

“உட்கார வச்சே சோறு போட்டா எந்த உடம்பும்மா ஊதாம இருக்கும்? எல்லாரும் பெருசு பெருசுன்னு அண்ணாந்து பாக்குறாங்களே தவிர, இந்தக் கையில ஒரு மண்வெட்டியக் குடுத்துப் பாப்போம்னு ஒருத்தருக்கும் தோணல.”

மறுநாள் சபையில் தையல்நாயகி எழுந்து, இன்று முதல் கடனப்பனுக்கு விருந்து கிடையாது என்றாள். மத்தியானம் ஒரு வேளை, ஒரே ஒரு தடவை வைப்பது, அதுவும் நம்முடைய உப்பு விற்ற காசில், அதுதான் மேட்டு நாட்டுக்கு வட்டி. இரண்டாம் கரண்டி கிடையாது, இலைக்கடியில் யாரும் கையை விடவும் கூடாது. வாணவேடிக்கை இல்லை. மந்திரிமார் நடந்து வரலாம், கால் இருக்கிறது.

நாடு கொந்தளித்தது. குதிரை வண்டி போனதற்குக்கூட அவ்வளவு கோபமில்லை, வீட்டுக்கு வந்தவரைப் பட்டினி போடுகிறாளே என்றுதான் கோபம். “அவ அம்மா வீட்டுல இப்படியா வளர்த்தாங்க?” என்று குழாயடியில் பேசினார்கள். அடுக்குத் தூக்குகளில் புளியோதரையை மறைத்துக்கொண்டு பெண்கள் பொட்டலுக்குப் போனார்கள், அங்கே தையல்நாயகி முந்தானையைச் செருகிக்கொண்டு காவல் நின்றாள்.

“அவரு வேண்டாங்கிறாரு.”

“அப்படித்தான் சொல்வாரு. நல்ல குடும்பத்துப் பிள்ளை.”

“நெசமாவே வேண்டாமாம்.”

“உனக்கு மனசாட்சி இருக்கா தையலு? பாரு, முகம் எப்படி வாடிக் கிடக்கு.”

முகம் வாடவில்லை, ஏப்பம் நின்றதில் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆனால் யார் நம்புகிறார்கள்? ஒரு சாயங்காலம் குஞ்சிதபாதத்தின் வேட்டி மடிப்பிலிருந்தே நாலு அதிரசம் விழுந்தது. “பாவம்னு…” என்றார் அவர். தையல்நாயகி அதிரசத்தைப் பொறுக்கி அவருக்கே கொடுத்தாள். அவளுக்கும்தான் கை துறுதுறுத்தது. சோறு வடிக்கிற வாசனை வந்தால் வலது கை தானாகக் கரண்டியைத் தேடியது. இடது கையால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

கடனப்பனுக்குக் கொல்லர் தெருவே கூடி ஒரு மண்வெட்டி அடித்துக் கொடுத்தது. ஆற்றின் தண்ணீர் எட்டிப் பார்க்காத ஊர்கள் கடைமடையில் இருந்தன. அங்கே வாய்க்கால் தூர்ந்து, அதன்மேல் ஆடு மேய்ந்து, அந்த ஆடுகளின் பேரன் பேத்திகளும் மேய்ந்துவிட்டன. அங்கே அவரை அழைத்துப் போனார்கள். முதல் நாள் வேலைக்கு நடுவில் இளைப்பாற ஒரு வரப்பில் உட்கார்ந்தார், வரப்பு குளமாயிற்று. கடைமடைக்காரி பூங்காவனம், வாய் கொஞ்சம் நீளம், இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

“வாங்குறப்போ எங்களைக் கேட்டு வாங்கல. வாணம் விட்டப்போ எங்க ஊருக்கு வெளிச்சம்கூட வரல. இப்போ ஒடைக்கிறது மட்டும் எங்க வரப்பா?”

“தப்புதாங்க” என்றார் கடனப்பன்.

“தப்புன்னா எழுந்திரிச்சு வெட்டுங்க.”

வெட்டினார். வியர்வை வழிந்தது, வழிந்த வியர்வையில் உப்பளத்துக்காரர்கள் பாத்தி கட்டினார்கள். வாய்க்கால் நீண்டது, மதகைத் திறந்தார்கள், தண்ணீர் கடைமடைக்கு வந்து, இதுதானா அந்த இடம் என்று சந்தேகப்படுவது போல ஒரு சுற்றுச் சுற்றி, வயலுக்குள் இறங்கியது. அங்கே நாற்று நட்டார்கள், பிள்ளைகள் முதன்முதலாகச் சொந்த ஊரில் தவளைச் சத்தம் கேட்டுத் தூங்காமல் கிடந்தார்கள்.

தை பிறந்தது. பரமதயாளன் அல்வாவோடும் வெல்வெட்டுப் பையோடும் வந்தார். தையல்நாயகி பஞ்சை உலர்த்தித்தான் ஏற்ற வேண்டும் என்றாள், பூசணியை இரண்டாகப் பிளந்து காட்டச் சொன்னாள், பசுவுக்கு வர்ணம் அடிக்க வந்தவனைத் திருப்பி அனுப்பினாள். கடனப்பன் மீசையோடும் நகத்தோடும் ஏறி உட்கார்ந்தார். அவர் இளைக்கவில்லை, அதை யாரும் மறைக்கவுமில்லை. போன தைக்கு எவ்வளவோ அவ்வளவே, ஒரு படி கூடவுமில்லை குறையவுமில்லை. நெல் ஏறியது, உப்பு ஏறியது, கருவாடு ஏறியது. கட்டிவைத்த கயிற்றை அவிழ்த்ததும் கடனப்பனின் தட்டு கீழே கிளம்பியது. பென்ஷன்காரர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். தையல்நாயகி இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள், கேட்டுப் பிடுங்குமுன் தானே கொடுத்துவிடலாம் என்று.

அப்போதுதான் கடைமடை வண்டிகள் பாலத்தைக் கடந்து வந்தன. தாமதம்தான், அந்த ஊர்க்காரர்கள் துலாபாரத்துக்கு எதையும் கொண்டுவந்து பழக்கமில்லை, வழி கேட்டுக் கேட்டு வந்தார்கள். பூங்காவனம் முதல் மூட்டையை முதுகிலிருந்து தட்டில் தள்ளிவிட்டு, “எங்கே வைக்கிறதுன்னு சொல்லித் தொலைங்க, பின்னால இன்னும் வருது” என்றாள். மூட்டை மேல் மூட்டை விழுந்தது. கடனப்பனின் தட்டு நின்றது, யோசித்தது, தேர்வடம் ஒரு பெருமூச்சு விட்டது.

பரமதயாளன் வேட்டியை ஒதுக்கிக் குப்புறப் படுத்தார். விரலை நுழைத்தார். அப்புறம் உள்ளங்கையை நுழைத்தார். முழங்கை வரைக்கும் உள்ளே போய்த் தோளில் தட்டு இடித்ததும் அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தார்.

“போன வருஷத்தைவிட நல்லாவே இருக்கீங்கம்மா” என்றார் தரையிலிருந்து. அவர் குரலில் வருத்தமில்லை. கடன் கொடுத்தவனுக்கு வட்டி வந்துகொண்டிருந்தால் சாவி எதற்கு? “கையைக் கொஞ்சம் புடிச்சு இழுத்து விடுங்க.”

குஞ்சிதபாதம் இழுத்துவிட்டார். ஊர் ஆரவாரம் பண்ணியது, பண்ணின சூட்டோடு சபைக்காரர்கள் தையல்நாயகியைச் சூழ்ந்துகொண்டு, இவ்வளவு நல்ல நாளில் ஒரு சின்ன வாணமாவது விடலாமே, ஒரே ஒரு விருந்து, ஒரே ஒரு சாண்தானே என்று கேட்டார்கள். அவள் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டாள். “கோடைப் பயிருக்குத் தண்ணி விடணும்” என்று சொல்லிவிட்டு மதகைப் பார்த்து நடந்தாள், கூடக் கடனப்பனும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நாலு தெருவும் அவருடைய நிழலுக்குள் போய் வெளியே வந்தது.

மதகு திறந்தது, கடனப்பன் வாய்க்காலைப் பார்க்க முன்னால் போனார். தண்ணீர் பாலத்தடியில் புகுந்து, புது வாய்க்காலில் திரும்பி, கடைமடைக்குப் போகிற முனையில் மட்டும் முட்டிக்கொண்டு நின்று வரப்பில் ஏறியது. வண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பூங்காவனம் அதைப் பார்த்தாள், அண்ணாந்து பார்த்தாள், சொந்த வீட்டுப் பிள்ளையை அதட்டுகிற குரலில் கத்தினாள்:

“ஏ கடனப்பா, காலைக் கொஞ்சம் நகர்த்தேன், தண்ணி வரட்டும்.”